வாடை குறைந்த நீலம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘பிசின்’. பெயிண்ட் கம்பெனியில் பிசின் காய்ச்சுகிறவளுக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் அது தொழிலைப் பார்த்து வைத்த பெயரில்லை. ஒரு வேலையைப் பிடித்தால் விடமாட்டாள். ஒரு பேச்சைப் பிடித்தாலும் விடமாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் யாராவது தெரியாத்தனமாக, “அந்தக் கடைசி சாம்பிள் என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டால் போதும், கேட்டவருக்குக் கை காய்ந்துபோகும்வரை பதில் சொல்வாள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொன்னார்கள். பிறகு ‘பிசின் மேடம்’ என்று முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. “கோந்துன்னு வைக்காம விட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்” என்றாள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், “காய்ச்சற குடுவையே எனக்கு ஒழுங்கா அமைய மாட்டேங்குது, குடும்பம் எங்க அமையப் போகுது?” என்பாள். அது முழுக்கக் கேலியுமில்லை. பிசின் காய்ச்சும்போது சூடு கொஞ்சம் மீறினால், கலந்த அளவு கொஞ்சம் பிசகினால், குடுவைக்குள் இருப்பதெல்லாம் கண்ணெதிரே கெட்டிதட்டிப் போகும். கலக்குகிற தண்டும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான். அவள் அப்படி உடைத்துப் போட்ட குடுவைகள் ஏராளம். ஸ்டோர்காரர் அவள் வருவதைப் பார்த்ததுமே கேட்காமல் ஒரு புதுக் குடுவையை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார்.

பெயிண்ட் என்றதும் எல்லாருக்கும் நிறம்தான் நினைவுக்கு வரும். நிறம் என்பது வெறும் பொடி. அந்தப் பொடியின் மணிகளுக்கு ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்க மனசு வராது. எந்திரத்தில் போட்டு எவ்வளவு நைசாக அரைத்துப் பிரித்தாலும், கொஞ்ச நேரத்தில் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள், நாற்காலிகளை எவ்வளவு தள்ளிப் போட்டிருந்தாலும் இழுத்துக்கொண்டு வந்து ஒரே மூலையில் கும்பலாக உட்கார்ந்துவிடுவார்களே, அதுபோல. அப்படிக் கும்பல் சேர்ந்தால் நிறம் வெளிறிவிடும், திட்டுத்திட்டாக நிற்கும். ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகப் போர்த்தி, ‘நீ அங்கே, நீ இங்கே’ என்று கடைசிவரை விலக்கி வைப்பதுதான் பிசினின் வேலை.

பழைய பிசின் அந்த வேலையை நன்றாகவே செய்தது. ஆனால் தார்போலக் கெட்டி. தெளிக்கிற பதத்துக்கு வர வேண்டுமானால் கரைப்பானை ஊற்றி ஊற்றி இளக்க வேண்டும். பூச்சு காயும்போது அந்தக் கரைப்பான் அத்தனையும் காற்றில் போய்விடும். காற்றில் போய்விடுகிறது என்பது ஆபீசில் உட்கார்ந்து சொல்கிற பேச்சு. போகிற வழியில் பெயிண்ட் அடிக்கிறவனின் மூக்கு இருக்கிறது.

கரைப்பான் பாதிக்கும் கீழே இறங்க வேண்டும், நிறமும் பிரியக் கூடாது, அப்படி ஒரு பிசின் செய்ய முடியுமா என்று மேலாளர் அவளைக் கேட்டார். எதைச் சொன்னாலும் “ஆகட்டும், ஆகட்டும்” என்று தலையாட்டுவதால் அவருக்கு ‘ஆகட்டும் சார்’ என்று பெயர். அவர் கேட்டது, காற்றில் விடுகிற புகைக்கும் ஆவிக்கும் விதிமுறை கடுமையாகப் போகிறது என்பதற்காக. அவள் உடனே சரி என்றதற்குக் காரணம் வேறு. அது அவள் தம்பி.

அம்மா போனபோது தம்பி இன்னும் பள்ளிக்கூடச் சட்டையில் இருந்தான். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவள் வேலைக்குப் போய்க்கொண்டே அவனை வளர்த்தாள். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. கை நன்றாக ஓடியது. தண்ணீர் பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலை இவர்கள் கம்பெனியில்தான் பெயிண்ட் வாங்கியது. அங்கே சொல்லி, பெயிண்ட் ஷெட்டில் அவனைச் சேர்த்துவிட்டதே அவள்தான். “தெரிஞ்ச இடம், நம்ம பெயிண்ட்டு” என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னாள்.

அவன் அந்த ஷெட்டிலேயே முதல் கையாக வந்துவிட்டான். பம்பின் உடம்பு வளைவும் பள்ளமுமாக இருக்கும். ஒரு இடத்தில் பெயிண்ட் ஏறாது, இன்னொரு இடத்தில் ஏறி வழியும். அவன் பெயிண்ட் தெளிக்கிற கன்னைப் பிடித்து வீசினால் வழியாது, விட்டும் போகாது. புதிதாக வருகிறவர்களிடம் ஃபோர்மேன், “வாயால சொன்னா உனக்குப் புரியாது, அவன் பக்கத்துல போய் நில்லு” என்பார்.

அவனுக்குக் கல்யாணமான அடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுடைய மாமனார் அவள் வீட்டுக்கு வந்தார். கூடவே அவர் மகளும் தம்பியும். மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே நிற்கிறவர் டிக்கெட் எடுக்காமல்தான் வந்திருப்பார் என்ற பார்வை அவருக்கு இன்னும் போகவில்லை.

“நான் சுத்தி வளைக்காம சொல்லிடறேம்மா. உன் தம்பி குடிக்கிறான்.”

“குடிக்கல மாமா” என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

“கண்ணைப் பாரு, ரெண்டும் ரத்தமா இருக்கு. சாயங்காலம் வந்தா தள்ளாடறான். பேசிக்கிட்டு இருக்கறப்பவே தூங்கிப் போறான். வாங்கிட்டு வான்னு ரெண்டு சாமான் சொன்னா ஒண்ணு மறந்து போகுது. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறான். ரயில்ல எத்தனை குடிகாரனைப் பாத்திருக்கேன் நான்!”

தம்பி மனைவியின் கண்ணும் சிவந்துதான் இருந்தது, அது வேறு காரணத்துக்கு.

பிசின் எழுந்து போய், முந்தின நாள் வந்தபோது தம்பி கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போயிருந்த வேலைச் சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வாடையோடுதான் அவள் தினமும் வேலை செய்கிறாள். ஆனால் அவள் அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள், உறிஞ்சும் விசிறிக்குக் கீழே வைத்துக் கையாண்டாள். அவன் காலையிலிருந்து சாயங்காலம்வரை அதற்குள்ளேயே நின்றான்.

“இது குடியில்ல மாமா. தின்னர், பெயிண்ட்டை இளக்க ஊத்தற கரைப்பான். நாளெல்லாம் மூச்சுல போனா மூளைக்கு இப்படித்தான் பண்ணும். தலைவலி, மயக்கம், மறதி, கோபம், எல்லாமே இதுல வரும்.”

“படிச்சவங்க எதுக்கும் ஒரு காரணம் வச்சிருப்பீங்க” என்றார் மாமனார். மகளை அன்றைக்கே கையோடு கூட்டிக்கொண்டு போவதாகத்தான் வந்திருந்தார். மகள் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டதால் தனியாகத் திரும்பினார்.

அவர் போனதும் அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். “மாஸ்க் வாங்கிக் குடுத்தேனே, எங்கடா?”

“இருக்கு.”

“எங்க இருக்கு?”

“கழுத்துல” என்றான். “போட்டா புழுங்குது அக்கா. வேர்வை கண்ணுல இறங்குது. கண்ணு தெரியாம எப்படி அடிக்கறது?”

வேறு வேலை பார் என்று அவள் சொல்லவில்லை. கன்னைத் தவிர வேறெதிலும் அவன் கை நிற்காது என்று அவளுக்குத் தெரியும். ஆகட்டும் சார் அப்படிக் கேட்டது அதற்கு அடுத்த நாள்தான். அன்றிலிருந்து அவள் புதுப் பிசினோடு மல்லுக்கு நிற்க ஆரம்பித்தாள்.

சிக்கல் இதுதான். பிசினின் மூலக்கூறு நீளமான சங்கிலி மாதிரி. நீளம் இருக்கிறவரை கரைப்பான் நிறைய வேண்டும். சங்கிலியைக் குட்டையாக்கினால் கரைப்பான் குறையும். ஆனால் போர்வையும் குட்டையாகிவிடும். தலையை மூடினால் கால் வெளியே, காலை மூடினால் தலை வெளியே. அதிலும் நீலம் இருக்கிறதே, அது நிறங்களிலேயே அடங்காப்பிடாரி. பம்புகளுக்கு அடிப்பது வானநீலம், அதாவது வெள்ளையும் நீலமும் கலந்தது. வெள்ளை ஒழுங்காக இருக்கும். நீலம் மட்டும் கும்பல் சேர்ந்துகொண்டு தனியாகப் போகும். அவள் குட்டைச் சங்கிலியின் ஒரு முனையில் நிறத்தைப் பற்றிக்கொள்கிற ஒரு பிடியை வைத்தாள். எந்தப் பிடி என்பதைக் கண்டுபிடிக்கத்தான் குடுவைகள் உடைந்தன.

சோதனை என்னவோ எளிதானது. தகட்டில் பூசி, பாதி காயும்போது ஒரு விரலால் தேய்ப்பாள். தேய்த்த இடம் மட்டும் கருநீலமாகத் தெரிந்தால் நீலம் கும்பல் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். விரல் அந்தக் கும்பலைக் கலைத்துவிட்டது. தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் ஒரே மாதிரி இருந்தால் பிசின் பிடித்திருக்கிறது. அவள் வலது கை ஆள்காட்டி விரலில் நகத்தைச் சுற்றி எப்போதும் நீலம் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள், “ஓட்டு போட்டுட்டு வர்றீங்களா? இன்னைக்கா தேர்தல்?” என்று பதறிப்போய்க் கேட்டாள்.

ஒரு நாள் விரல் தேய்த்த தடமே தெரியவில்லை. அன்று ஆய்வுக்கூடத்தில் எல்லாருமே வந்து ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார்கள். ஆகட்டும் சார்கூடத் தேய்த்துவிட்டு, விரலைத் துடைக்கத் துணி தேடினார். “சரி, முதல் ரெண்டு டிரம்மும் பம்பு கம்பெனிக்கே போகட்டும்” என்றார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஷெட்டுக்குப் போய் ஃபோர்மேனிடமும், கூட நின்ற ஐந்தாறு பேரிடமும், “இது என் தம்பிக்காகவே பண்ணினது” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். தம்பி கன்னைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

சோதனை அடித்த அன்று மத்தியானம் ஃபோர்மேன் போன் செய்தார். “வந்து பாத்துட்டுப் போங்க மேடம்” என்றார். குரலே சரியில்லை.

வரிசையாகத் தொங்கிய பம்புகள் வானநீலமாக இல்லை. நோயாளியின் உதடு மாதிரி வெளிறி, திட்டுத்திட்டாக இருந்தன. அவள் ஈரம் காயாத ஒரு பம்பில் விரலை வைத்துத் தேய்த்தாள். தேய்த்த இடம் கருநீலமாக வந்தது. இன்னும் திறக்காத இரண்டாவது டிரம்மைத் திறக்கச் சொல்லி, ஒரு தகட்டில் பூசித் தேய்த்துப் பார்த்தாள். தடமே இல்லை. ஆக டிரம்மில் இருந்தது நல்ல பெயிண்ட். டிரம்முக்கும் கன்னுக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. கன்னுக்குக் கீழே இருந்த வாளியைக் குனிந்து மோந்தாள். தம்பி சட்டையில் வந்த அதே வாடை.

ஃபோர்மேன் அலுவலகத்துக்குள் போன நேரம் பார்த்து, ஷெட்டுக்குப் பின்னால் காலி டிரம்கள் அடுக்கியிருந்த இடத்துக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அதுல என்ன ஊத்தின?”

“என்ன ஊத்தினேன்? நீ அனுப்பினதைத்தான் ஊத்தினேன்.”

“டேய், நான் மோந்து பாத்துட்டுத்தான் கேக்கறேன்.”

“உன் பெயிண்ட் தேன் மாதிரி இருக்கு அக்கா. கன்ல இறங்கவே மாட்டேங்குது. அரைக் கரண்டி தின்னர் விட்டா சரியாயிடும்னு பாத்தேன்.”

“அரைக் கரண்டியா?”

“ஒரு மக்.”

“ஒரு மக்கா! ஊத்தாதேன்னு டிரம்மு மேலயே பெரிசா போட்டிருக்கே!”

“டிரம்மு மேல என்னென்னவோ போட்டிருக்கும். எவன் படிக்கறான்?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அவன் முகம் மாறிவிட்டது. “கேட்டா? கையை இப்படி வை, அப்படி வைன்னு எல்லார் முன்னாலயும் எனக்குப் பாடம் எடுப்ப. இந்த ஷெட்டுல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு, அது இந்தக் கையில இருக்கு. புது பெயிண்ட்ல அந்தக் கை ஓடலைன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? தம்பிக்காகப் பண்ணினேன், தம்பிக்காகப் பண்ணினேன்னு தண்டோரா போடற. நான் கேட்டேனா அக்கா? ஒரு நாளாவது உங்கிட்டக் கேட்டேனா?”

பேச்சைப் பிடித்தால் விடாதவள், அன்று பேசாமல் பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் இரண்டே விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னால் தம்பி வேலை போய்விடும். சொல்லாவிட்டால் பிசின் போய்விடும். ஷெட்டில் எத்தனை பேர் அந்த வாடைக்குள் நிற்கிறார்கள் என்று நினைத்தாள். உடனே, தம்பி மனைவியின் சிவந்த கண்ணையும் நினைத்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி நடந்து வந்தாள்.

மறுநாள் ஆகட்டும் சார் கேட்டார்: “எனக்கு ஒரே வார்த்தை போதும். தப்பு பிசின்லயா, அடிச்சவங்ககிட்டயா?”

“பிசின்ல சார்.”

“டிரம்முல நல்லா இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேனே.”

“தின்னர் கலந்திருக்கு சார். ஆனா யாரு கலந்தா என்ன? அடிக்கறவங்களுக்குக் கை பழகிப்போன வேலை அது. நாளைக்கு நூறு ஷெட்டுக்குப் போனா நூத்துலயும் ஊத்தத்தான் செய்வாங்க. ஒரு மக் தின்னருக்கே நீலம் பிரிஞ்சு போகுதுன்னா, பிசினுக்குப் பிடி பத்தலைன்னுதான் அர்த்தம். எனக்கு இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க.”

அவள் சொன்னதில் பொய் ஒரு சொட்டும் இல்லை. ஆனாலும் உண்மையைக் குடையாக விரித்து, அதன் கீழே தம்பியையும் நிறுத்திக்கொண்டுதான் பேசுகிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். “அந்த ஷெட்டுலதான உங்க தம்பி இருக்கார்?” என்றார்.

“ஆமா சார்.”

அவர் ஆகட்டும் என்று சொல்லவில்லை. “பம்பு கம்பெனி இன்னொரு தடவை கதவைத் திறந்தாங்கன்னா பாக்கலாம். இல்லேன்னா இதை மூடிட வேண்டியதுதான்” என்றார்.

பம்பு கம்பெனி திறக்கிறதாக இல்லை. “அந்தம்மா பெயிண்ட்டே வேணாம், உள்ள வந்தா நானே வெளிய உருட்டி விட்டுடுவேன்” என்று ஃபோர்மேன் சொன்னதாகச் செய்தி வந்தது.

தம்பி மனைவி ஒரு நாள் அவளைப் பார்க்க வந்தபோது இதைப் பற்றியெல்லாம் விசாரித்தாள். பிசின் தம்பி பெயரை எடுக்கவே இல்லை. வேலை நின்றுபோகப் போகிறது என்று மட்டும் சொன்னாள். தம்பி மனைவி வீட்டுக்குப் போய் அதை அப்படியே சொல்லியிருக்கிறாள்.

அடுத்த நாள் அவளிடமிருந்து போன் வந்தது. “அண்ணி, அவரு ஃபோர்மேன்கிட்ட போய் நான்தான் தின்னர் ஊத்தினேன்னு சொல்லிட்டு வந்துட்டாரு.”

“ஐயோ! வேலை?”

“வேலையிலேர்ந்து எடுக்கல. கன்னைத் தொடக் கூடாதுன்னுட்டாங்களாம். லாரியில பம்பு ஏத்தற இடத்துக்கு மாத்திட்டாங்க. வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கிட்டே இருந்தாரு.”

அவள் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை செய்யவில்லை. ஆனால் அவன் போய்ச் சொன்னதால் ஃபோர்மேனின் கோபம் பெயிண்ட்டிலிருந்து அவன்மேல் திரும்பியது. இன்னொரு சோதனைக்குச் சரி என்றார்.

பிசின் மறுபடியும் குடுவைக்குத் திரும்பினாள். ஒரு பிடி போதாது. மூலக்கூறுக்கு இன்னும் இரண்டு மூன்று பிடி வேண்டும், யார் எதை ஊற்றி இழுத்தாலும் நீலத்தை விடாதபடி. பிடிகளைச் சேர்த்தால் அவை நிறத்தைப் பிடிப்பதற்கு முன் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. குடுவை குடுவையாகக் கெட்டிதட்டியது. உளிச் சத்தம் கேட்டுக் கேட்டுப் பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில், பிடிகளைக் காய்ச்சும்போது போடாமல், சூடு நன்றாகத் தணிந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தாள். கெட்டியாகவில்லை. அந்தப் பிசினில் நீலத்தை அரைத்து, வெள்ளையோடு கலந்து, தானே ஒரு மக் பழைய தின்னரை எடுத்து அதில் ஊற்றினாள். தகட்டில் பூசித் தேய்த்தாள். தடம் தெரியவில்லை. கூட இன்னும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தாள். அப்போதும் தெரியவில்லை. அன்றைக்கு அவள் யாரையும் தேய்த்துப் பார்க்கக் கூப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

இதற்கிடையில் தம்பி வீட்டில் ஒன்று நடந்திருந்தது. லாரி ஏற்றும் இடம் திறந்தவெளி. அங்கே போன கொஞ்ச நாளிலேயே அவன் கண்ணின் சிவப்பு போய்விட்டது. தலைவலி நின்றது. கடைக்குப் போனால் சொன்ன சாமான் எல்லாம் வந்தன. மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “அன்னைக்கு நான் போய் ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, பையன் குடியை அடியோட விட்டுட்டான்!” இதைத் தம்பி மனைவி சொல்லிச் சிரித்தாள். பிசினுக்கும் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் போனது. இத்தனை வருஷம் அவன் தலைக்குள் எது உட்கார்ந்திருந்தது என்பதற்கு இனிமேல் வேறு அத்தாட்சி வேண்டாம்.

“சந்தோஷமா இருக்கானா?” என்று கேட்டாள்.

“உடம்பு நல்லா இருக்கு அண்ணி. மனசுதான்... வீட்டு வாசக்கதவுக்கு மூணு தடவை பெயிண்ட் அடிச்சிட்டாரு. இப்ப கதவு சாத்தவே மாட்டேங்குது.”

இரண்டாவது சோதனையில் கன்னைப் பிடித்தது வேறொருவர். நிறம் அப்படியே நின்றது. வானநீலம் வானநீலமாகவே இருந்தது. ஷெட்டில் நின்றவர்கள் பழகிய வாடை இல்லாமல் மூக்கைத் தடவிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பெயிண்ட் கெட்டியாக இறங்கி, பம்பின் வளைவுகளில் கண்ணீர் மாதிரி வழிந்தது. அடித்தவர் கையை உதறினார். ஃபோர்மேன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, யாரிடமோ பேசுகிற மாதிரி, “லாரிகிட்ட நிக்கறான்ல, அவனை வரச் சொல்லு” என்றார்.

தம்பி வந்தான். அக்காவைப் பார்த்தான். கன்னை வாங்கி ஒரு பம்பில் அடித்தான். வழிந்தது. இன்னொன்றில் தள்ளி நின்று அடித்தான். அதுவும் வழிந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில் அவன் கை தடுமாறுவதை அவள் பார்த்தாள். வாய் வரை வந்த யோசனைகளை எல்லாம் விழுங்கிக்கொண்டு, இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று.

அவன் கன்னைக் கீழே வைத்தான். “அக்கா.”

“என்னடா?”

“இதைச் சூடு பண்ணலாமா? தின்னர் வேணாம். கொஞ்சம் சூடு பண்ணினா இளகும்ல?”

“பண்ணலாம். ஆனா ரொம்ப ஏத்தக் கூடாது, டிரம்முக்குள்ளயே கெட்டியாயிடும். எது வரைக்கும் தாங்கும்னு நான் பாத்துச் சொல்றேன்.”

“சொல்லு. கன் முனையில மாட்டற நாசில் கொஞ்சம் பெரிசா வேணும். அதை நான் பாத்துக்கறேன்.”

ஃபோர்மேன், “ரெண்டு பேரும் வீட்டுல போய்ப் பேசிக்குங்க, இங்க லைன் நிக்குது” என்றார். ஆனால் சோதனையை நிறுத்தச் சொல்லவில்லை.

சூட்டின் அளவைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சில நாள் பிடித்தது. டிரம்மைச் சுற்றிக் கட்டுகிற சூட்டுப் பட்டை ஒன்றை வரவழைத்தார்கள். அவன் புதிய நாசிலோடு, கையின் வேகத்தை முழுக்க மாற்றி, ஒதுக்கித் தள்ளிய பழைய பம்புகள்மேல் அடித்து அடித்துப் பழகினான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் பார்க்காத நேரத்தில்தான் பழகினான். எல்லாருக்கும் தெரியும், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த மரியாதை அவனுக்கு இன்னும் இருந்தது. பிறகு ஒரு காலையில் அவன் முழு வரிசையையும் அடித்து முடித்தான். ஒரு பம்பிலும் வழியவில்லை. ஃபோர்மேன் கடைசிப் பம்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “லாரிக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்” என்று மட்டும் சொன்னார்.

இப்போது அந்த ஷெட்டில் வானநீலமும் சாம்பல் நிறமும் புதுப் பிசினில்தான் வருகின்றன. வாடை அறவே போய்விட்டது என்று சொல்ல முடியாது. குறைந்திருக்கிறது, நன்றாகவே குறைந்திருக்கிறது. தீயணைப்புப் பம்புகளுக்கு அடிக்கிற சிவப்பு மட்டும் இன்னும் பழைய வழியில்தான். சிவப்பு மணிகள் வேறு ஜாதி. நீலத்துக்குப் போட்ட பிடி அதற்குப் பொருந்தவில்லை. சிவப்பு அடிக்கிற நாட்களில் தம்பி தலைப்பாரத்தோடு வீட்டுக்கு வருகிறான். அந்த நாட்களில் மாஸ்க்கை மூக்கில் போட்டுக்கொள்கிறான், பெரும்பாலும். பிசின் சிவப்போடு போராடிக்கொண்டிருக்கிறாள். அதற்கும் தம்பிக்கும் சம்பந்தம் உண்டு என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் அன்று பேசிய பேச்சைப் பற்றி இருவரும் அதற்கப்புறம் பேசவே இல்லை. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. முன்பு வாரத்துக்கு ஒரு தடவை, “சாப்பிட்டியா, நல்லா இருக்கியா” என்று முடிந்துவிடும் போன்தான். இப்போது வேலை நேரத்திலேயே அடிக்கிறது.

“அக்கா, இன்னைக்கு வந்த டிரம் சரியில்ல. கன் அடைச்சுக்குது.”

“வடிகட்டினியா?”

“வடிகட்டாம அடிப்பேனா?”

“சூடு எவ்வளவு வச்சிருக்க?”

“நீ சொன்னதுதான்.”

“நான் சொன்னது போன டிரம்முக்குடா. இது வேற தடவை காய்ச்சினது, தாள் அனுப்பியிருந்தேனே.”

“தாளெல்லாம் எவன் படிக்கறான்? நீ வந்து பாரு.”

“எனக்கு இங்க வேலையில்லையா?”

“வர முடியுமா, முடியாதா? லைன் நிக்குது.”

அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஒரு வடிகட்டித் துணியும் வெப்பமானியும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தாள்.